வகுப்பில் மௌனம், திண்ணையில் வாயாட்டம்: எது அந்தப் பிள்ளையின் இயல்பு?

பொருநைக்கரை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் திரள் பதிவேட்டிலும் குணநலன் பற்றி இரண்டொரு வரி எழுதியாக வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் எழுதிவிட்டேன், ஒரு மாணவியின் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

வகுப்பில் அவள் குரலைக் கேட்பது அரிது. கேள்வி கேட்டால் உடனே எழுந்து நிற்பாள். உதடு அசையும், ஒலி வராது. சடை நுனியை இடக்கை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நிற்பாள். பிறகு பக்கத்துத் தோழியின் காதில் விடையை முணுமுணுக்க, அந்தத் தோழி அதை உரக்கச் சொல்லுவாள். விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தேர்விலும் நன்றாக எழுதுகிறாள்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்காக ஒருநாள் மாலை அவர்கள் தெருவுக்குப் போனேன். திண்ணையில் அவளுடைய தாயாரும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இந்தப் பிள்ளை எழுந்து நின்று, பீடிக் கடையில் சரக்கு வாங்குகிறவர் ஒரு கட்டைக் கையில் எடுத்து, பெருவிரலால் அழுத்திப் பார்த்து, முகத்தைச் சுளித்து, பாதியைக் கழித்துத் தள்ளுவதை அப்படியே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். குரல் தெருமுனை வரை கேட்டது. சிரிப்பில் ஒரு அம்மாள் கையிலிருந்த நூலைத் தவறவிட்டார். நான் கவனித்த இன்னொன்று: அப்போதும் அவளுடைய இடக்கை சடை நுனியைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. என்னைக் கண்டதும் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

“வீட்டுல வாய் ஓயாது டீச்சர், பள்ளிக்கூடத்துல ஏன் பேசமாட்டேங்கான்னுதான் தெரியல” என்றார் தாயார். ஊர்க் கோயில் கொடை விழாவில் கும்மிக்கு முதலடி எடுத்துக் கொடுப்பவளே இவள்தானாம். என்னுடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரோ, “எல்லாம் நடிப்பு, பிள்ளை அழுத்தக்காரி” என்கிறார்.

ஒரே ஆளின் பேச்சும் உடலசைவும் இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுமா? அவற்றுள் எதை இயல்பு என்று கொள்வது? ஏழாம் வகுப்பில் காண்பதை வைத்து எதிர்காலத்தைப் பற்றி ஏதேனும் சொல்லத் தகுமா? உளவியல் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உள்ளி மண்டி, பாவூர்சத்திரம்:

டீச்சர், நான் காய்கறிக் கமிஷன் கடையில் காலம் தள்ளியவன். படித்த உளவியல் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒன்று சொல்லுவேன். வாய் ஆளுக்குத் தக்கபடி பேசும், உடம்பு பொய் சொல்லாது. உள்ளி மூட்டையை இறக்கிவிட்டு, “அடியிலும் இதே சரக்குதான்” என்று சொல்லும்போது கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே எனக்கு விளங்கிவிடும். என் மகனுடைய அலுவலகத்தில் நடந்த பயிற்சி வகுப்பில்கூட, ஒருவர் சொல்வதில் சொல்லுக்கு 7 பங்கும் குரலுக்கும் முகத்துக்கும் 93 பங்கும் உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்களாம். ஆகவே அந்தப் பிள்ளையின் பேச்சை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாத பிள்ளை எதையோ மறைக்கிறது என்பதே என் எண்ணம்.

பாளை விரிவுரையாளர்:

அண்ணாச்சி சொன்னதற்குத் தனியே வருகிறேன். முதலில் ஆசிரியையின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடப்பவருக்கு ஒன்று மெய், மற்றது வேடம் என்று நாம் இயல்பாகவே முடிவு கட்டிவிடுகிறோம். இந்த எண்ணத்தைப் பெரிய அளவில் முதலில் சோதித்தவர்களில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். 1920களில் அமெரிக்கப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு, அவர்களுக்கே தெரியாமல், ஏமாற்றுவதற்கான வாய்ப்புகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தும்போது விடையை மாற்றலாம், எடுத்தால் எவருக்கும் தெரியாது என்ற நிலையில் நாணயத்தை எடுத்துக்கொள்ளலாம், விளையாட்டிலும் ஏமாற்றலாம். விடையைத் திருத்தி எழுதிய அதே பிள்ளை நாணயத்தைத் தொடாமல் போனதுண்டு. அதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. நேர்மையான பிள்ளைகள், நேர்மையற்ற பிள்ளைகள் என்று இரண்டு வரிசையாகப் பிரிக்க முடியவில்லை என்பதே 1928இல் அவர்கள் அறிவித்த முடிவு.

நாற்பது ஆண்டு கழித்து, 1968இல், வால்டர் மிஷெல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொள்வதற்கும் வேறொரு சூழலில் அவரே நடந்துகொள்வதற்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு பெரும்பாலும் 0.3ஐத் தாண்டுவதில்லை என்று எழுதினார். இதன் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரண்டு அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அது: தொடர்பே இல்லையென்றால் 0, முழுக்க ஒத்துப்போனால் 1. 0.3 என்றால், வகுப்பில் பிள்ளைகளுக்குள் காணும் வேறுபாட்டை வைத்துத் திண்ணையில் அவர்களுக்குள் காணும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்க முடியாது. எவ்வளவு ஆராய்ந்து தேர்ந்தாலும் வேலை கைக்கு வந்தபின் வேறாகிவிடுவோர் பலர் என்று தெரிந்துவினையாடலில் வள்ளுவர் சொன்னதை, அரசனுக்கு மட்டும் சொன்னதாக நாம்தான் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

மிஷெலுக்கு மறுப்பு வராமல் இல்லை. 1979இல் சீமோர் எப்ஸ்டீன், ஒரே ஒரு தடவை பார்த்ததோடு இன்னொரு தடவை பார்த்ததை ஒப்பிட்டால் எண் சிறியதாகத்தான் வரும், பல நாள் பார்த்துச் சராசரி எடுத்தால் ஒட்டுறவு மிக உயர்ந்துவிடும் என்று காட்டினார். அது உண்மைதான். ஆனால் 1982இல் மிஷெலும் பிலிப் பீக்கும் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தபோது, ஒரே வகைச் சூழலில் நாள்தோறும் காணும் நடத்தைதான் நன்றாக நிலைத்திருந்தது. சூழல் வகை மாறியபோது சராசரி எடுத்தும் எண் அவ்வளவாக உயரவில்லை. இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: காலம் மாறும்போது நிலைப்பது ஒன்று, இடம் மாறும்போது நிலைப்பது வேறொன்று. உங்கள் மாணவி முன்னதில் மிகவும் சீரானவள். வகுப்பில் எந்த நாளும் பேசுவதில்லை. திண்ணையில் எந்த நாளும் பேசாமல் இருப்பதில்லை.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதற்குப்பின் வந்த ஆய்வு. யூச்சி ஷோடா, மிஷெல், ஜாக் ரைட் ஆகியோர் ஒரு கோடை முகாமில் தங்கிய சிறுவர்களை வாரக்கணக்கில் உடனிருந்து கவனித்துப் பதிந்து, 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் எத்தனை முறை சண்டையிட்டான் என்று மட்டும் எண்ணாமல், எப்போது சண்டையிட்டான் என்று குறித்தார்கள்: ஒத்த வயதினன் சீண்டியபோதா, நட்பாக அணுகியபோதா, பெரியவர் பாராட்டியபோதா, எச்சரித்தபோதா, தண்டித்தபோதா? மொத்தக் கணக்கில் ஒரே அளவாக இருந்த இரண்டு சிறுவர்களில் ஒருவன் பெரியவர் எச்சரித்தால் மட்டும் வெடிப்பான். மற்றவன் அதைச் சட்டையே செய்யமாட்டான், ஆனால் இன்னொரு பையன் பேச வந்தால் சீறுவான். ‘இப்படியானால் அப்படி’ என்னும் இந்த அமைப்பு பிள்ளைக்குப் பிள்ளை வேறாகவும், அந்தந்தப் பிள்ளையிடம் மீண்டும் மீண்டும் அதே வடிவிலும் தென்பட்டது. மாறுவதிலேயே ஒரு சீர் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறில்லை என்பது என் கருத்து.

இப்போது நீங்கள் சொன்ன மூன்று இடங்களையும் வைத்துப் பாருங்கள். கூட்டத்தைக் கண்டு அஞ்சுகிறாள் என்று சொல்ல முடியாது, கொடையில் ஊரே கூடியிருக்கும். கேள்விக்கு விடை தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது, தோழியின் காதில் சொல்லிவிடுகிறாள். எஞ்சுவது ஒன்று: தான் சொல்வது சரியா தவறா என்று முடிவு செய்யும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் குரல் அடங்குகிறது. இது என் ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். சரி, தவறு என்று இல்லாத ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள்: பாட்டில் முதலடி எடுத்துக் கொடுப்பது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுவது போன்றவை. அங்கே குரல் வருகிறதா என்று பாருங்கள்.

பதிவேட்டில் ‘கூச்ச சுபாவம்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு ஆசிரியர் அந்தச் சொல்லைத்தான் படிப்பார், பிள்ளையைப் பார்க்கமாட்டார். “ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு வாய் திறந்து விடை சொல்வதில்லை, தோழி வழியாகச் சொல்கிறாள், எழுத்தில் தெளிவாகச் சொல்கிறாள், வீட்டிலும் ஊர் விழாவிலும் தயக்கமின்றிப் பேசிப் பாடுகிறாள்” என்று எழுதினால் நான்கு வரியாகும். கட்டம் சிறியதாக இருந்தால் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.

உள்ளி மண்டி, பாவூர்சத்திரம்:

விரிவுரையாளர் தம்பி, நீர் பேச்சைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர். கண்ணையும் கையையும் பற்றிச் சொல்லவில்லையே. சடையைச் சுற்றுகிற கை இரண்டு இடத்திலும் மாறவில்லை என்று டீச்சரே எழுதியிருக்கிறார். நான் சொன்னது அதுதானே?

பாளை விரிவுரையாளர்:

பாதி சரி அண்ணாச்சி. மறுபாதியை ஏற்றுக்கொள்ள முடியாது.

சரியான பாதி இது. நடை, கையசைப்பு, கையெழுத்து, குரலின் உரப்பு ஆகியவற்றில் ஒருவருக்கென்று ஒரு பாணி இருப்பதையும், அது ஓரளவு நிலைத்திருப்பதையும் 1933இலேயே கார்டன் ஆல்போர்ட்டும் ஃபிலிப் வெர்னனும் அளந்து எழுதினார்கள். 1991இல் டேவிட் ஃபண்டரும் ராண்டல் கால்வினும், முன்பின் அறியாத ஒருவரோடு பேசவிட்டுக் கல்லூரி மாணவர்களைப் படம்பிடித்தார்கள். சில வாரம் கழித்து வேறொரு புதியவரோடு பேசவிட்டு மீண்டும் பிடித்தார்கள். இரண்டாம் முறை பொதுவாக எல்லோரிடமும் பதற்றம் குறைந்திருந்தது. ஆயினும் யார் யாரைவிட அதிகம் என்னும் வரிசை பெரிதும் குலையவில்லை. மிக நன்றாக நிலைத்த நடத்தைகளில் உரக்கப் பேசுவதும் ஒன்று. எண்ணிப் பார்த்துச் செய்வதைவிடத் தன்னையறியாமல் செய்வதே இடம் மாறினாலும் மாறாமல் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சடை நுனி அந்த வகையைச் சேர்ந்தது. நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசெந்தாலும் 1993இல் செய்ததும் இங்கே நினைக்கத்தக்கது: கல்லூரி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காட்சியில் அரை நிமிடத்துக்கு மேற்படாத துண்டை ஒலியின்றிப் பார்த்தவர்கள் அந்த ஆசிரியர்களைப் பற்றிச் சொன்ன மதிப்பீடு, பருவ முடிவில் அவர்களுடைய மாணவர்களே கொடுத்த மதிப்பீட்டோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போனது.

ஏற்கமுடியாத பாதி, பொய்யைப் பற்றியது. ஒருவரின் பாணி நிலைத்திருக்கிறது என்பதனால், அவர் இப்போது சொல்வது மெய்யா பொய்யா என்று அந்தப் பாணி காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆகாது. 2006இல் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் மனிதர் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். பொய்யர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் பார்வை விலகுவதற்கும் பொய்க்கும் உறுதியான தொடர்பு ஆய்வுகளில் தெரியவில்லை. அதிலும் நம் பக்கத்தில், பெரியவர் கேள்வி கேட்கும்போது கண்ணுக்குக் கண் பார்த்து நிற்கும் பிள்ளையைத்தான் “என்ன திமிரு” என்போம். தலை குனிந்தால் கள்ளம், நிமிர்ந்தால் திமிர் என்றால் அந்தப் பிள்ளை எங்கேதான் பார்ப்பது?

93 பங்குக் கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து வந்தது. தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கச் செய்தும், குரலோடு முகப்படத்தைச் சேர்த்துக் காட்டியும், பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று கேட்டார்கள். சொல்லும் தொனியும் முரண்படும்போது விருப்பு வெறுப்பை எதிலிருந்து ஊகிக்கிறோம் என்பதற்கு மேல் அந்த எண்களுக்குப் பொருள் கிடையாது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்துமானால் நான் இங்கே எழுதியதில் உங்களுக்கு 7 பங்குதான் விளங்கியிருக்க வேண்டும்.

உங்கள் கண் தவறு என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் மூட்டை இறக்குபவரை ஆண்டுக்கணக்காக, நல்ல விலையிலும் கெட்ட விலையிலும் பார்த்திருக்கிறீர்கள். அவர் எப்போதும் எப்படி நிற்பார் என்பது தெரிந்திருப்பதனால், அன்று அதில் ஏதோ மாறியிருப்பது உங்களுக்குத் தட்டுப்படுகிறது. அந்த மாற்றம்கூடப் பொய்யினால்தான் வந்தது என்பதற்கு உறுதியில்லை, வீட்டில் நோயாளி இருக்கலாம். முதல்முறை வருபவரிடம் உங்கள் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே ஒருநாள் எழுதுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளர், தென்காசி:

மேலே சொன்னவற்றோடு முரண்படாமல் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரு பிள்ளை வீட்டில் தாராளமாகப் பேசி, பள்ளி போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தொடர்ந்து பேசாமல் இருப்பதைத் தேர்வுசார் பேசாமை என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் இது பதற்றக் கோளாறுகளின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. குறைந்தது ஒரு மாதம் நீடித்திருக்க வேண்டும், பள்ளியில் சேர்ந்த முதல் மாதமாக மட்டும் இருக்கக்கூடாது, அந்த மொழி தெரியாததனால் வந்ததாக இருக்கக்கூடாது, படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கும்.

இந்தப் பிள்ளைக்கு அதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. தாயாரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: பால்வாடியிலும் பேசாமல் இருந்தாளா, கடையில் தானே கேட்டுப் பொருள் வாங்குகிறாளா, வீட்டுக்கு வரும் அயலாரிடம் பேசுகிறாளா. பள்ளியில் ஒரு தோழியிடமாவது குரல் வருவது நல்ல அறிகுறி.

எதுவாக இருந்தாலும், அவளைப் பேசவைப்பதற்குச் செய்யக்கூடாதது, அனைவர் முன்னும் நிறுத்தி “நீ சொன்னால்தான் உட்காரலாம்” என்பது. ‘அழுத்தக்காரி’ என்ற பட்டமும் அதே வேலையைத்தான் செய்யும். செய்யக்கூடியது, பேச்சு ஏற்கெனவே இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவது. பள்ளி விட்டபின் வெற்று வகுப்பறையில் தாயும் மகளும் மட்டும் ஏதேனும் விளையாட்டு விளையாடட்டும். அவள் குரல் இயல்பாக வந்தபின் நீங்கள் கதவுக்கு வெளியே நில்லுங்கள். இன்னொரு நாள் உள்ளே வந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பிறகு அருகில் அமருங்கள். கேள்வி கேட்பது கடைசியில்தான். ஒரு படியில் குரல் நின்றுவிட்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அவள் ஒரு சொல் சொல்லிவிட்டால் கைதட்டிக் கொண்டாடாதீர்கள். எல்லோரும் பேசுவது போலத்தான் அவளும் பேசினாள் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

பொருநைக்கரை ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. தாயாரிடம் கேட்டேன். பால்வாடியில் தாராளமாகப் பேசினாளாம். கடையில் சில்லறைக் கணக்கில் சண்டையே போடுவாளாம். வாசிப்பில் திக்கியபோது ஒரு முறை வகுப்பே சிரித்ததாகவும், அதன்பிறகே பள்ளியில் வாய் மூடியதாகவும் அவர் சொல்கிறார். அது நான்காம் வகுப்பில். விரிவுரையாளர் ஊகித்தது பொருந்துகிறது போலும். காலத்தைப் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது: இது அவளிடம் நிலைத்துவிடுமா?

பாளை விரிவுரையாளர்:

நிலைக்கும் என்றும் நிலைக்காது என்றும் ஒரு பிள்ளையைப் பற்றி அடித்துச் சொல்ல எவராலும் இயலாது. பலரைச் சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஒலியையும் பொருளையும் காட்டி, கை கால் உதைத்து அழுதவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். நான்கரை வயதில் புதியவர் முன்னிலையில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பேசினார்கள், குறைவாகச் சிரித்தார்கள். ஆனாலும் அவர்களில் பலர் மிகுந்த கூச்சமோ மிகுந்த துணிச்சலோ இல்லாத நடுத்தரமான பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள்.

2000ஆம் ஆண்டில் பிரென்ட் ராபர்ட்ஸும் வெண்டி டெல்வெக்கியோவும் 152 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து, ஆளுமைப் பண்புகளில் ஒருவருக்கு மற்றவர்களோடு ஒப்பிட்ட இடம் எவ்வளவு நிலைக்கிறது என்று அதே ஒட்டுறவுக் கெழுவாகக் கணக்கிட்டார்கள். குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பதில் 0.64, ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் 0.74. அண்ணாச்சியை வைத்து அடுத்த ஆண்டு அண்ணாச்சியைச் சொல்லிவிடலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளையை வைத்து அவளுடைய இருபதாம் வயதைச் சொல்ல முடியாது. அதிலும் நீங்கள் இப்போது சொன்னபடி, இது பால்வாடியிலிருந்தே வந்த சுபாவமாகத் தெரியவில்லை. ஒரு குறிப்பிட்ட சூழலில் தொடங்கி அந்தச் சூழலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிந்து அவள் வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது, அன்று சிரித்த பிள்ளைகளில் எத்தனைபேர் அதே பிரிவில் இருப்பார்கள் என்பது முக்கியமாகலாம். அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பிரிவு ஒதுக்குவதற்கு முன்பே பேசிவையுங்கள். அவள் முணுமுணுக்கும் விடையை உரக்கச் சொல்லும் தோழியை மட்டும் அவளோடு ஒரே பிரிவில் விட்டுவிடச் சொல்லுங்கள்.